இடைவெளியும் ஒரு பாகம்தான்!



எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். சரியான ரயில் பைத்தியம்! அவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு மாதிரி ரயில் செட் வாங்கி வந்தார். அதோடு நின்றானா? இரண்டு பொங்கல் காசு, ஒரு பிறந்தநாள் காசு எல்லாவற்றையும் சேர்த்து, கூடுதல் தண்டவாளம், இன்னொரு இன்ஜின், இரண்டு நீளப் பெட்டிகள் எல்லாம் வாங்கினான். மொட்டை மாடி அறையில் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையைப் போட்டு வேலையை ஆரம்பித்தான்.

அவன் ஆசைப்பட்டது எட்டு வடிவப் பாதை. நடுவில் ஒரு பாலம். ரயில் முதலில் பாலத்துக்கு அடியில் போகும். சுற்றி வந்து அதே பாலத்தின் மேல் போகும். கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா?

பத்து நாள் உழைத்தான். தெர்மாகோலில் மலை, மரத்தூளில் புல்வெளி, அட்டையில் ஸ்டேஷன். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிட்டு, "மாமா, திறப்பு விழாவுக்கு வாங்க!" என்று என்னையும் கூப்பிட்டான்.

போனேன். ஸ்விட்சைப் போட்டான். டீசல் இன்ஜின் பாலத்துக்கு அடியில் அழகாகப் புகுந்து வந்தது. எல்லாரும் கை தட்டினோம். அடுத்து மின்சார இன்ஜினை வைத்தான். அதன் தலையில், மேலே போகும் மின்கம்பியைத் தொடுவதற்கு ஒரு மடக்குச் சட்டம் இருக்குமே, அது பாலத்தில் 'டக்'கென்று இடித்து உடைந்தது.

அவசரமாகப் பாலத்தைப் பெயர்த்து உயரமாக வைத்தான். இப்போது ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. நாலு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏற முடியாமல் இன்ஜின் பாதி வழியில் நின்று, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது. சரி, பெட்டிகளைக் குறைக்கலாம் என்று இரண்டே இரண்டு நீளப் பெட்டிகளை மட்டும் விட்டான். அவை வளைவில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்த தூணில் வயிறு உரசி, தடம் புரண்டன!

பையன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாள் உழைப்பு, இரண்டு வருடக் காசு!

அவன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. பிறகு எங்கே தப்பு? தண்டவாளம், பாலம், மலை என்று கண்ணுக்குத் தெரிகிற பொருள்களுக்கெல்லாம் திட்டம் போட்டான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மறந்துவிட்டான். அதுதான் இடைவெளி.

மாதிரி ரயில் பாதையில் வெறும் இடம் என்று ஒன்று கிடையாது. ரயிலின் தலைக்கு மேலேயும், தோளுக்குப் பக்கத்திலேயும் விடுகிற இடைவெளியும் இன்ஜினைப் போல ஒரு பாகம்தான். அதற்குத்தான் முதலில் திட்டம் போட வேண்டும். மலையும் மரமும் அப்புறம். இதுதான் என் கருத்து.

பெரியவர்களும் சறுக்கினார்கள்!

"சின்னப் பையன்தானே, தெரியாமல் செய்துவிட்டான்" என்கிறீர்களா? பெரிய பெரிய இன்ஜினீயர்கள் இருக்கும் நாடுகளிலேயே இது நடந்திருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் புது ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதற்காக நடைமேடைகளை அளந்தார்கள். ஆனால், கடந்த 30 ஆண்டுகளுக்குள் கட்டிய நடைமேடைகளின் அளவைத்தான் கணக்கில் எடுத்தார்கள். 50 ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய பழைய நடைமேடைகள் தண்டவாளத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தன. புது ரயிலோ கொஞ்சம் அகலம். 2014ஆம் ஆண்டில் விஷயம் வெளியே வந்தது. சுமார் 1,300 நடைமேடைகளின் ஓரத்தைச் செதுக்க வேண்டும் என்றார்கள். செலவு சுமார் 5 கோடி யூரோ! உலகமே சிரித்தது.

ஸ்பெயின் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. வடக்குப் பகுதியில் உள்ள மலைகளில் குறுகிய பாதை ரயில்கள் ஓடுகின்றன. சுரங்கப்பாதைகள் பல, மிகப் பழையவை. 2020இல் சுமார் 26 கோடி யூரோவுக்கு 31 ரயில்கள் செய்யச் சொன்னார்கள். கொடுத்த அளவில் செய்தால் அவை சில சுரங்கங்களுக்குள் நுழையாது! நல்ல வேளை, 2021இல், ரயில்களைச் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது. ஆனாலும் வேலை தாமதமானது. 2023இல் செய்தி பெரிதாக வெடித்து, ரயில்வே நிறுவனத் தலைவரும் போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரி ஒருவரும் பதவி விலகினார்கள்.

இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? பிரான்ஸில் தாமதமாகத்தான் தெரிந்தது. நடைமேடையைச் செதுக்க வேண்டி வந்தது. ஸ்பெயினில் காகிதத்திலேயே தெரிந்தது; ஒரு ரயிலையும் உடைக்க வேண்டி வரவில்லை. தப்பு எல்லாருக்கும் வரும். அது காகிதத்தில் வந்தால் அழிரப்பர் போதும். பசை காய்ந்த பிறகு வந்தால் சுத்தியல் வேண்டும்!

தலைக்கு மேலே எவ்வளவு?

இப்போது அந்தப் பையனின் மூன்று தப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவன் வைத்திருப்பது 'எச்.ஓ.' என்கிற அளவு ரயில். உண்மை ரயிலை 87 மடங்கு சிறிதாக்கினால் அந்த அளவு வரும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் 16.5 மில்லி மீட்டர் இருக்கும். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது இந்த அளவுதான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற பிரம்மாண்டமான மாதிரி ரயில் உலகமும் இதே அளவில்தான் ஓடுகிறது. இதைவிடச் சிறியதும் உண்டு. 'என்' அளவு என்பார்கள். அதில் 160 மடங்கு சிறிது. தண்டவாள அகலம் 9 மில்லி மீட்டர்தான்.

பையன் பாலத்தின் அடியில் விட்ட உயரம் 5.5 செ.மீ. டீசல் இன்ஜினுக்கு அது போதும். மின்சார இன்ஜின் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் போதாது. எச்.ஓ. ரயில் வைத்திருப்பவர்கள் பொதுவாக, கீழே உள்ள தண்டவாளத்தின் மேல் முனையிலிருந்து பாலத்தின் அடிவயிறு வரை 7.6 செ.மீ. விடுகிறார்கள். அதாவது மூன்று அங்குலம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 7.6 செ.மீ. என்பது பாலத்தின் அடிவரைக்கும்தான். பாலத்தின் கனத்தையும், அதன் மேல் போடும் தண்டவாளத்தின் கனத்தையும் சேர்க்க வேண்டும். அது 1.4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மேலே போகும் ரயில் மொத்தம் 9 செ.மீ. ஏற வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்!

உங்களிடம் வேறு அளவு ரயில் இருந்தாலும் கவலையில்லை. இருப்பதிலேயே உயரமான வண்டியை எடுத்து அளந்து, அதற்கு மேல் ஒரு விரல் கனம் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வண்டி முதலில் கைக்கு வருகிறதோ அதை அளக்காதீர்கள். உயரமானதை அளங்கள்!

ஏறுவதற்கு இடம் வேண்டாமா?

100 செ.மீ. தூரம் போய் 3 செ.மீ. ஏறினால், அதை 3 சதவீத ஏற்றம் என்கிறோம். நம் பையன் 9 செ.மீ. உயரத்தை வெறும் 125 செ.மீ. தூரத்துக்குள் ஏறப் பார்த்தான். கணக்குப் போடுங்கள். 7.2 சதவீதம்! பதினான்கு அடிக்கு ஓர் அடி ஏற்றம்.

நம் நீலகிரி மலை ரயில், மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. ஆனால், அதற்குத் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் பாதையும், இன்ஜினில் பல் சக்கரமும் இருக்கின்றன. அதைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். பல் இல்லாத பொம்மை இன்ஜினை அதற்குப் பக்கத்தில் வரும் ஏற்றத்தில் நாலு பெட்டிகளோடு ஏறச் சொன்னால், பாவம், அது என்ன செய்யும்?

2 சதவீதம் என்றால் சுகமாக ஏறும். 3 பரவாயில்லை. 4க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 9 செ.மீ. ஏற 3 சதவீதத்தில் 3 மீட்டர் வேண்டும்; 2 சதவீதத்தில் 4.5 மீட்டர் வேண்டும். ஏறியது இறங்கவும் வேண்டுமே! அதற்கும் அதே அளவு இடம்.

பையனுடைய பலகையில் அவ்வளவு இடம் இருந்ததா? இருந்தது! எட்டு வடிவப் பாதையின் மொத்த நீளம் சுமார் 6.3 மீட்டர். பாலத்தின் அடியிலிருந்து சுற்றிக்கொண்டு பாலத்தின் மேல் வருவதற்குப் பாதி தூரம், அதாவது 3.1 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில் சமதளமாக இருக்கக் கொஞ்சம் விட்டாலும் 2.8 மீட்டர் மிஞ்சும். ஏற்றம் 3.2 சதவீதம்தான் வரும்.

பிறகு ஏன் 125 செ.மீ.க்குள் ஏறினான்? மீதி இடத்தில் ஸ்டேஷன் கட்டிவிட்டான்! ஸ்டேஷனுக்குச் சமதளம் வேண்டும் அல்லவா?

பாலமும் வேண்டும், ஸ்டேஷனும் வேண்டும், மலையும் வேண்டும், எல்லாம் ஒரே பலகையில் வேண்டும் என்றால் நடக்காது. எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்பதைக் கணக்குதான் சொல்லும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. மேல் பாதை மட்டும் ஏன் 9 செ.மீ. ஏற வேண்டும்? பலகை மேல் 4.5 செ.மீ. கனத்துக்குத் தெர்மாகோல் பரப்பி, கீழ்ப் பாதையை அதற்குள் 4.5 செ.மீ. இறக்குங்கள், மேல் பாதையை 4.5 செ.மீ. ஏற்றுங்கள். பாலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அதே 9 செ.மீ. தான். ஏற்றமும் இறக்கமும் பாதையில் பரவலாகப் பிரிந்துவிடும்.

ஏற்றம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் 'சடக்'கென்று மடங்கக் கூடாது. மெல்ல மெல்லத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிகளை இணைக்கும் கொக்கி கழன்றுவிடும்.

இடம் போதாதபோது செங்குத்தாக ஏறாமல் சுற்றி ஏறுவது உண்மை ரயில்களும் செய்கிற வேலைதான். டார்ஜிலிங் மலை ரயில் பாதையில் 1919இல் அமைத்த பதாசியா வளையத்தில், ரயில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் பாதைக்கு மேலேயே கடந்து போகிறது. நம் பையன் ஆசைப்பட்டதும் அதைத்தானே!

வளைவில் வயிறும் வாலும்

மூன்றாவது தப்பு, தூண். நேர் பாதையில் உரசாத பெட்டி, வளைவில் ஏன் உரசியது?

தண்டவாளம் வளையும். பெட்டி வளையாது! இரண்டு பக்கமும் உள்ள சக்கரக் கூட்டங்கள் தண்டவாளத்தில்தான் போகும். ஆனால், பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எவ்வளவு தள்ளும்? சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல ஆண்டுகளாகச் செய்துவந்த நம் பழைய நீல நிறப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 21.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். இதை 87 மடங்கு சிறிதாக்கினால் நீளம் 24.5 செ.மீ., அகலம் 3.7 செ.மீ. செட்டோடு வரும் வளைவுகளில் பெரும்பாலும் காணும் 46 செ.மீ. ஆர வளைவில் இந்தப் பெட்டி போனால், நடுப்பகுதி சுமார் 8 மில்லி மீட்டர் உள்ளே தள்ளும். முனைகளும் ஏறக்குறைய அதே அளவு வெளியே தள்ளும்.

நேர் பாதையில், தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 2.6 செ.மீ. தள்ளித் தூண் வைத்தால் போதும். இந்த வளைவிலோ பெட்டியே அந்த இடம் வரைக்கும் வந்துவிடும்! குறைந்தது 3.2 செ.மீ. விட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதை போட்டால், நேர் பாதையில் ஒரு நடுக்கோட்டிலிருந்து மறு நடுக்கோட்டுக்கு 5 செ.மீ. போதும், இந்த வளைவில் 6 செ.மீ. வேண்டும்.

இதற்குப் பெரிய கணக்கு எதுவும் போட வேண்டாம். இருப்பதிலேயே நீளமான பெட்டியை எடுங்கள். பெட்டியின் நடுவில் ஒரு பென்சிலும், முனையில் ஒரு பென்சிலும் நுனி கீழே தொடும்படி செலோடேப் போட்டு ஒட்டுங்கள். வளைவின் அடியில் சார்ட் பேப்பர் விரித்துப் பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். 'இதற்குள் எதையும் வைக்காதே' என்று பெட்டியே கோடு போட்டுக் காட்டிவிடும்!

ஓர் அட்டை வாசல்

மின்சார ரயில் ஓடும் பாதைகளில், ரயில்வே கேட்டுக்கு இரண்டு பக்கமும் சாலையின் குறுக்கே உயரமான இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரி அதைத் தாண்டிப் போக முடிந்தால், மேலே உள்ள மின்கம்பியில் இடிக்காமலும் போகலாம் என்று அர்த்தம்.

அதேபோல நீங்களும் ஒன்று செய்யலாம். கெட்டி அட்டையை 5.2 செ.மீ. அகலம், 7.6 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, தண்டவாளத்தின் மேல் நிற்க வைத்துப் பாதை முழுவதும் தள்ளிக்கொண்டே போங்கள். எங்கே அட்டை இடிக்கிறதோ அங்கே ரயிலும் ஒருநாள் இடிக்கும். வளைவுகளில் மட்டும் பென்சில் கோட்டை நம்புங்கள்.

"விளையாட்டுக்குப் போய் இத்தனை கணக்கா? போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஆகாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போட்டுப் பார்ப்பது ரொம்ப நல்லது! ஆனால், ஒட்டாமல் போட்டுப் பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களை அடுக்கினால் தூண் ஆச்சு. ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் பாலம் ஆச்சு. இரண்டு நாள் ஓடவிட்டு, எந்த வண்டியும் எங்கேயும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு பசை டப்பாவைத் திறங்கள். கணக்கு விளையாட்டைக் கெடுப்பதில்லை. விளையாட்டு பாதியில் நின்றுபோகாமல் காப்பாற்றுகிறது.

அந்த இடைவெளி யாருக்கு?

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இது விளையாட்டு இல்லை.

நிஜ ரயிலுக்கும் இதே மாதிரிதான் இடைவெளி விடுகிறார்கள். நம் நாட்டின் பழைய இரட்டைப் பாதைகளில் ஒரு நடுக்கோட்டிலிருந்து மறு நடுக்கோட்டுக்குக் குறைந்தது 4.725 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். பெட்டியின் அகலத்தைக் கழித்துப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு ரயில்கள் போகும்போது நடுவில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்கூட இல்லை!

அந்த இடைவெளி ரயிலுக்காகக் கணக்குப் போட்டது. வாசலில் தொங்குகிறவருக்காகவோ, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கைக்காகவோ யாரும் கணக்குப் போடவில்லை. 2018ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, சென்னை பரங்கிமலை ஸ்டேஷனில், கூட்டமான மின்சார ரயிலின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் ஓரத்தில் இருந்த சுவரில் மோதினார்கள். சிலர் உயிரே போய்விட்டது. ரயில் அந்தச் சுவரில் உரசவே இல்லை. ரயிலுக்கு இடைவெளி போதுமானதாக இருந்தது. வெளியே தொங்கியவர்களுக்குத்தான் அது போதவில்லை.

வளைவில் பெட்டி எவ்வளவு தள்ளும் என்று ஒரு தடவை பென்சில் வைத்துப் பார்த்தவர்கள், ஓடுகிற ரயிலில் கையைக்கூட வெளியே நீட்ட மாட்டார்கள். நீட்டுகிற நண்பனையும் உள்ளே இழுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது அப்படித்தான் செய்கிறான்.

அவனுடைய ரயில் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? ஆறாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை கிராஃப் நோட்டை எடுத்து வந்து, "அண்ணா, முதல்ல இதுல வரைவோம்" என்றாள். பலகையைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி இரண்டு பேரும் வரைந்தார்கள். ஸ்டேஷனைப் பலகையை விட்டே எடுத்துவிட்டார்கள். தூணைத் தள்ளி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். மின்சார இன்ஜின் தன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, மூன்று பெட்டிகளோடு பாலத்துக்கு அடியில் புகுந்தது. சுற்றி வந்தது. அதே பாலத்தின் மேல் ஏறிப் போனது. எங்கேயும் இடிக்கவில்லை.

பாலத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கட்டியதிலேயே அதுதான் அழகு!

உங்கள் வீட்டில் ரயில் செட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாலு தீப்பெட்டிகளை நூலில் கோத்தால் அதுவும் ரயில்தான். பாலம் கட்டுங்கள். ஆனால், கட்டுவதற்கு முன்னால்... ஸ்கேல் எங்கே இருக்கிறது?